பஸ் கண்ணாடியில் தெரியாத இடம்

(நோன்புக்கு முந்தைய வாரம், நமது அறக்கட்டளையின் சார்பில் பள்ளிவாசல் மண்டபத்தில் இஷா தொழுகைக்குப் பின் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் ஆற்றிய உரை.)



ஜமாஅத் பெரியவர்களே, திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாய்மார்களே, பின்வரிசையில் கதவு ஓரமாக உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களே! கதவு ஓரத்தில் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கூட்டம் முடிந்ததும் முதலில் வண்டியை எடுக்க வேண்டும். கொஞ்சம் பொறுங்கள், அதிக நேரம் எடுக்க மாட்டேன்.

எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. 27 வருஷம் திருச்சி – மதுரை ரோட்டில் பஸ் ஓட்டினேன். விராலிமலை, துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி, மேலூர் என்று அந்த ரோட்டில் எந்த இடத்தில் ஆடு குறுக்கே வரும், எந்த டீக்கடை எதிரில் லாரியை விளக்கில்லாமல் நிறுத்தி வைப்பார்கள் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அது இரு வழிச் சாலையாக இருந்த காலத்திலும் ஓட்டினேன், நான்கு வழிச் சாலையான பிறகும் ஓட்டினேன். நான்கு வழியானால் விபத்து குறையும் என்றுதான் நாங்களும் நினைத்தோம். நேருக்கு நேர் மோதுவது குறைந்தது உண்மை. ஆனால் பையன்களின் வேகம் கூடிவிட்டது.

நான் ஓட்டுநராக இருந்தபோது நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டாரைத் தவிர யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

கொட்டாம்பட்டி தாண்டி மேலூர் நோக்கிப் போகிறேன். காலை ஒன்பது மணி இருக்கும், நல்ல வெளிச்சம். முன்னால் பாரம் ஏற்றிய லாரி ஒன்று இடது பக்கமாக மெதுவாகப் போகிறது. நான் வலது பக்கம் ஏறி அதைத் தாண்டினேன். தாண்டி முடித்து, இடது கண்ணாடியைப் பார்த்தேன். லாரி பின்னால் தெரிந்தது. இண்டிகேட்டர் போட்டேன். மெதுவாக இடது பக்கம் இறங்கினேன். ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை, படிக்கட்டில் யாரோ தகர டப்பாவைத் தட்டியது போல. கண்டக்டர் விசில் ஊதினார்.

எங்கள் இரண்டு வண்டிக்கும் நடுவில் ஒரு பைக் நுழைந்து வந்திருக்கிறது. இரண்டு பையன்கள். ஓட்டியவனுக்குக் கால் போனது. பின்னால் இருந்தவன் அங்கேயே முடிந்துவிட்டான். ஹெல்மெட் இல்லை. அவன் தோளில் மாட்டியிருந்த பையில் சாப்பாட்டு டப்பா, மூடிகூடத் திறக்காமல் அப்படியே இருந்தது.

போலீஸ், ஸ்டேஷன், கோர்ட், எல்லாம் நடந்தது. என் மீது குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பன்று கோர்ட் வாசலில் இறந்த பையனின் அத்தா நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அண்ணே, கண்ணாடியில என் மகன் தெரியவே இல்லையா?”

“தெரியலண்ணே” என்றேன். உண்மை அதுதான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை.

ஏன் தெரியவில்லை என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன். நம் ஊரில் வலது பக்கம் உட்கார்ந்துதான் ஓட்டுகிறோம். பஸ்ஸின் இடது பக்கம் எனக்கு இரண்டு மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அந்தப் பக்கக் கண்ணாடியில் பின்சக்கரம் தெரியும், அதற்குப் பின்னால் வருவது தெரியும். ஆனால் முன்படிக்கட்டுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் ஒட்டி வருகிற பைக் தெரியாது. லாரியில் இன்னும் மோசம். கேபின் உயரத்தால், மூக்குக்கு நேர் முன்னால் நிற்கும் ஸ்கூட்டரே தெரியாது. சிக்னலில் லாரிக்கு முன்னால் போய் நிற்கிறீர்களே, உங்கள் தலை அவர் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. உங்களுக்கு லாரி பெரிதாகத் தெரிகிறது, அதனால் லாரிக்காரருக்கும் நீங்கள் தெரிவீர்கள் என்று நினைக்கிறீர்கள். இல்லை தம்பி. நீங்கள் அவர் கண்ணாடியைப் பார்க்கும்போது அதில் அவர் முகம் தெரியவில்லையென்றால், அவருக்கு நீங்கள் இல்லை.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். நான்கு வழிச் சாலையில் ஒரு தடத்தின் அகலம் மூன்றரை மீட்டர். ஒரு பக்கத்துக்கு இரண்டு தடம், ஆக ஏழு மீட்டர். பஸ்ஸும் லாரியும் தலா ஏறத்தாழ இரண்டரை மீட்டர் அகலம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் போனால் ஐந்து மீட்டர் போய்விட்டது. மிச்சம் இரண்டு. அதில் சென்டர் மீடியன் பக்கம் அரை மீட்டர், ஓரத்தில் அரை மீட்டர் விட்டால், நடுவில் ஒரு மீட்டர். அதிலும் இரண்டு வண்டியின் கண்ணாடிகளும் நீட்டிக்கொண்டிருக்கும். பைக் ஹேண்டிலின் அகலம் முக்கால் மீட்டர். இரண்டு பக்கமும் அரைச் சாண் இடைவெளியில் நீங்கள் நுழைகிறீர்கள். லாரிக்காரர் ஒரு பள்ளத்துக்காக ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பினால் அந்த அரைச் சாண் இல்லை. பஸ் வேகமாகக் கடக்கும்போது அடிக்கும் காற்றே முதலில் உங்களை வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். பைக் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் இதை உணர்ந்திருப்பீர்கள். 350 சிசி வண்டியானாலும் பஸ்ஸுக்கு அது இலைதான்.

போன மாதம் என் பேரன் என்னிடம் சண்டைக்கு வந்தான். “அமெரிக்காவுல கலிபோர்னியாவுல வண்டிகளுக்கு நடுவுல பைக் போறதுக்குச் சட்டமே இருக்கு நன்னா” என்றான். விசாரித்தேன். அவன் சொன்னது சரி. 2016-இல் அங்கே சட்டம் போட்டிருக்கிறார்கள். ஆனால் முழுதாகப் படிக்க வேண்டும் அல்லவா? அங்கே பல்கலைக்கழகத்தார் ஆயிரக்கணக்கான விபத்துகளை எடுத்துப் பார்த்துச் சொன்னது என்னவென்றால், சுற்றியுள்ள வண்டிகள் சுமார் 80 கிலோமீட்டருக்குள் போகும்போது, அவற்றைவிட பைக் 24 கிலோமீட்டருக்கு மேல் கூடுதல் வேகத்தில் போகாமல் இருந்தால்தான் ஆபத்து குறைவு. அங்கே கார்கள் கோட்டுக்குள் நேராகப் போகின்றன. இங்கே கோடு என்பது ரோட்டுக்குப் போட்ட அலங்காரம் என்று எல்லோரும் நினைக்கிறோம். நின்றுபோன டிராஃபிக்கில் நடைவேகத்தில் ஊர்ந்து போவது வேறு, ஓடுகிற பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் 100-இல் சொருகுவது வேறு. நம் நாட்டில் இப்படி முந்துவதற்குச் சட்டம் இடம் தரவில்லை. விதிக்குப் புறம்பாக முந்துவதை ஆபத்தான ஓட்டுதல் என்றே 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது.

வேகத்தைப் பற்றிப் பேசினால், “எனக்குக் கண்ட்ரோல் இருக்கு” என்பீர்கள். இருக்கட்டும். உங்கள் கண் ஒன்றைப் பார்த்து, மூளைக்குச் சொல்லி, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி ஆகும். அந்த ஒரு விநாடியில் 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி 22 மீட்டர் ஓடிவிடும். அதன் பிறகுதான் பிரேக் பிடிக்கவே ஆரம்பிக்கிறது. நல்ல ரோடு, நல்ல டயர் என்றாலும் இன்னும் 40 மீட்டர் வேண்டும். மொத்தம் 60 மீட்டருக்கு மேல். இப்போது 100-இல் வாருங்கள். 80-இல் வந்தவன் முழுதாக நின்றுவிடுகிற அதே இடத்தில், நீங்கள் இன்னும் 65 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள். அந்த இடத்தில் ஒரு ட்ராக்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் 20 கிலோமீட்டர்தான் வித்தியாசம் என்று சொல்லும் தம்பிகள் இதை வீட்டில் பேப்பரில் போட்டுப் பார்க்கலாம். பிளஸ் டூ பிசிக்ஸ் படித்த பிள்ளைகளுக்கு வரும். நான்கு வழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு 80 என்பதே உச்ச வரம்பு. ஊருக்குள் 60. மழையிலும் இரவிலும் அதுவும் அதிகம்.

2022-ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கையைத் தம்பி ஒருவர் எனக்கு எடுத்துக் கொடுத்தார். அந்த ஒரு வருஷத்தில் இந்தியாவில் ரோட்டில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 100-க்கு 44 பேர் இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். ஒரு நாளைக்கு 49. நான் ஓட்டிய பஸ்ஸில் எல்லா சீட்டும் நிரம்பினால் ஏறக்குறைய அவ்வளவு பேர்தான் வருவார்கள். தினம் ஒரு பஸ். ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் நாடு முழுவதும் 50,029, அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் உண்டு என்பதை நம் ஊரில் யாரும் ஏற்றுக்கொள்வதே இல்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக வாங்குங்கள், நாடாவை மாட்டுங்கள். பெட்ரோல் டேங்க் மேல் வைத்த ஹெல்மெட் டேங்கைத்தான் காப்பாற்றும்.

திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று. புர்கா, துப்பட்டா, பெரிய ஷால், இவை பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு விழுகிற சம்பவம் பேப்பரில் அடிக்கடி வருகிறது. பெண்கள் ஒரு பக்கமாகக் காலைப் போட்டு உட்காருவதால் துணி சக்கரத்தின் பக்கமே தொங்குகிறது. பின்சக்கரத்தை மறைக்கும் தடுப்பு சட்டப்படி எல்லா பைக்கிலும் இருக்க வேண்டும். நம் பையன்கள் அழகு கெடுகிறது என்று வாங்கிய மறுநாளே அதைக் கழற்றி வீட்டுப் பரணில் போட்டுவிடுகிறார்கள். நாளை காலையில் பரணில் தேடுங்கள். ஏறும்போது துணியைச் சுருட்டி மடியில் இடுக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கசப்பான விஷயம். நம் ஊரில் பாதி வீடுகளில் அத்தா சபரில் இருக்கிறார். மகன் பத்தாவது பாஸானால் பைக் வேண்டும் என்கிறான். அத்தா பிள்ளையை இரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை, அந்த ஏக்கத்தில் பணம் அனுப்பிவிடுகிறார். அம்மாவுக்கு மறுக்கத் தெரியவில்லை, சாவி பிள்ளை கையில். நான் யாரையும் குறை சொல்லவில்லை, என் தங்கை வீட்டிலேயே இது நடந்தது. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 18 வயது ஆகாத பிள்ளை ஓட்டி விபத்து நடந்தால், பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி அடுத்தவருக்கு அடிபட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்ட ஈட்டைக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை வண்டிக்காரரிடம் திருப்பி வசூலிக்கும். வீட்டை விற்றுக் கட்டிய குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன்.

நோன்பு மாத இரவுகள்தான் எனக்குப் பெரிய கவலை. தராவீஹ் முடிந்து, ஸஹர் வரை தூங்காமல், டீ குடிக்க பைபாஸ் போகிறோம் என்று ஒரு வண்டியில் மூன்று பேர். ரோடு காலியாக இருக்கிறது என்று முறுக்குகிறார்கள். காலி ரோட்டில்தான் நிறுத்தி வைத்த லாரி கண்ணுக்குத் தெரியாது. அது மட்டுமல்ல, எதிர்ப்பக்கம் போக ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டும் என்று தவறான திசையில் ஓரமாக விளக்கை அணைத்துக்கொண்டு வருகிற பெரிய மனிதர்களும் நம்மில் உண்டு. பையன்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை.

ரோட்டில் யாராவது அடிபட்டுக் கிடந்தால் நின்று உதவுங்கள். சாட்சிக்கு அலைய வேண்டும் என்ற பயம் இனி வேண்டாம். உதவி செய்தவர் பெயரைக்கூடச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை என்று சட்டத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது. 108-ஐக் கூப்பிடுங்கள், தேசிய நெடுஞ்சாலையில் 1033-ம் உண்டு. அடிபட்டவரை ஆட்டோவில் மடக்கித் திணிக்காதீர்கள், கழுத்தை ஆட்டாதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குத் தடையில்லையென்றால் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்ற வேண்டாம். ‘நம்மைக் காக்கும் 48’ என்று தமிழ்நாடு அரசு 2021-இல் கொண்டுவந்த திட்டத்தில், திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். கையில் பணமில்லை என்று யாரும் தாமதிக்க வேண்டாம்.

நம் அறக்கட்டளையில் மையத்துக் குளிப்பாட்டும் குழுவில் நானும் இருக்கிறேன். முதியவர்களைக் குளிப்பாட்டும்போது கை நடுங்காது. போன ஆறு மாதத்தில் போஸ்ட்மார்ட்டம் முடிந்து வந்த இரண்டு பிள்ளைகளைக் குளிப்பாட்டினேன். ஒருவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச என்னால் முடியாது.

வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு ஈத்கா மைதானத்தில் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒருவரின் லாரியை நிறுத்தி வைக்கிறோம். பைக் வைத்திருக்கும் ஒவ்வொரு பையனும் வர வேண்டும், அம்மாமார்கள் அனுப்பி வையுங்கள். அவனை ஓட்டுநர் சீட்டில் உட்கார வைப்பேன். அவன் பைக்கை அவன் நண்பன் தள்ளிக்கொண்டு லாரியைச் சுற்றி வருவான். எந்த இடத்தில் பைக் கண்ணாடியை விட்டு மறைகிறது என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும், அந்த இடத்தில் தரையில் சுண்ணாம்பால் கோடு போடுவோம். என் பேரன்தான் முதலில் ஏறப்போகிறான். கோட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பை இப்போதே வாங்கி வைத்துவிட்டேன்.