திரும்பி வரலாமா என்று கேட்பவர்களுக்கு

(நூற்றாண்டு விழாவையொட்டி நடந்த பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



செயலாளர் அக்கா எனக்குத் தந்த தலைப்பு 'தாயகம் அழைக்கிறது'. மன்னிக்க வேண்டும் அக்கா, எனக்குத் தெரிந்தவரை தாயகம் யாரையும் அழைப்பதில்லை. நான் திரும்பி வந்தபோது அது என்னிடம் மூன்று பிரதிகளில் படிவம் கேட்டது. ஆகையால் தலைப்பை விட்டுவிட்டு, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

என் ஊர் இலங்கைத்துறை முகத்துவாரம். விடுதியில் என்னோடு இருந்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு தவணைக்கும் நான் வந்து சேர்வதே ஒரு பெரிய கதை. மூதூருக்கு வந்து, லோஞ்சுக்குக் காத்திருந்து, கொட்டியாரக் குடாவைக் கடந்து வரவேண்டும். தரைவழியே வருவதென்றால் ஆறுகளைப் பாதையில் ஏறிக் கடக்க வேண்டும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் பாதை என்றால் றோட்டு அல்ல, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரையில் விடும் மிதவை. சண்டை நாட்களில் லோஞ்சும் ஓடாது, பாதையும் ஓடாது. பிள்ளைப்பேற்று வலி மட்டும் நாள் பார்த்து வராது. என் சின்னம்மா ஒருவர் அப்படித்தான் கரையிலேயே இறந்துபோனார். அப்போது நான் தரம் 8.

2009 ஐப்பசியில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். 396 மீற்றர். பின்னர் உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று மற்றப் பாலங்களும் வந்தன. எங்கள் மாகாணத்திலும் 1990 என்று அடித்தால் இலவச அம்புலன்ஸ் வருகிறது. சின்னம்மாவுக்கு இல்லாமல் போன றோட்டு இன்று இருக்கிறது.

நான் மயக்க மருந்து வைத்திய நிபுணர். சத்திரசிகிச்சை நிபுணர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், நோயாளியின் தலைமாட்டில் எங்களில் ஒருவர் நிற்காவிட்டால் கத்தியைத் தொட முடியாது. ஒரு நோயாளியை மயக்கிவிட்டால், அவர் கண் திறக்கும்வரை அந்த இடத்தை விட்டு எங்களாலும் அசைய முடியாது.

2013இல் இங்கிலாந்து போனேன். நிபுணராவதற்கு வெளிநாட்டுப் பயிற்சி கட்டாயம் என்பதால் அரசாங்கமே அனுப்பியது. ஒரு வருடம் இரண்டானது. மகள் பிறந்தாள். அதன்பின் நான் வரவில்லை. பிணைப்பணத்தைத் தவணை முறையில் கட்டி முடித்தேன். கடன் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். இலவசக் கல்வியில் தரம் 1 முதல் மருத்துவபீடம்வரை படித்தவள் நான், அந்தக் கணக்கு எந்தப் பற்றுச்சீட்டிலும் வரவில்லை என்பதை அப்போது யோசிக்கவில்லை.

2019இல் ஏன் வந்தேன் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நாட்டுப்பற்று என்று சொன்னால் என் கணவர் சிரிப்பார். அம்மாவுக்குக் கண் தெரியாமல் வந்தது ஒரு காரணம். மற்றது சின்ன விஷயம். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போடும்போது தாய் முதுகை வளைத்து இருக்க வேண்டும். அதை ஆங்கிலத்தில் ஆயிரம் தரம் சொல்லியிருப்பேன். ஒரு விடுமுறையில் இங்கே சிநேகிதி ஒருத்தியின் சத்திரசிகிச்சைக் கூடத்தில் நின்றபோது, பயந்து நடுங்கிய ஒரு பிள்ளையிடம் என்னையறியாமல், "இறால் மாதிரி வளைஞ்சு இருங்கோ, மகள்" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். முதுகும் தானாக வளைந்தது. அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

ஆனால் வந்த பிறகு மறுநியமனம் கிடைக்கப் பதினான்கு மாதங்கள். சேவையை விட்டுப் போனவள் என்ற குறிப்பு என் கோவையில் இருந்தது. ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு அந்தக் கோவை நகர்வதற்குள் மகள் 'ழ' உச்சரிக்கப் பழகிவிட்டாள். ஆறு வயதில் தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாமல் வந்தவள், இன்று இதே கல்லூரியில் தரம் 6. முதல் வருடம் ஒவ்வொரு நாளும் அழுதாள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பிறகு 2022 வந்தது. சில கிழமைகளில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டது. அரச ஊழியர் ஐந்து வருடம்வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. அடுத்த தை மாதம் வருமான வரி 36 வீதம்வரை ஏறியது. என்னோடு வேலை செய்த மற்ற நிபுணர் குடும்பத்தோடு அவுஸ்திரேலியா போனார். எங்கள் பிரிவில் மூன்று மருத்துவ அலுவலர்கள் இருந்த இடத்தில் ஒருவர் மிஞ்சினார்.

2023 பங்குனியில் ஓர் இரவு. குடல்வால் வெடித்த ஒரு பையனை மயக்கி வைத்திருக்கிறேன். எஞ்சிய மருத்துவ அலுவலர் இன்னொரு நோயாளியை அம்புலன்ஸில் மட்டக்களப்புக்குக் கொண்டு போய்விட்டார். அந்த நேரம் வெருகல் பக்கமிருந்து ஒரு தாய் வந்து சேர்கிறாள். வயிற்றில் பிள்ளையின் இதயத் துடிப்பு விழுந்துகொண்டிருக்கிறது. பாலங்களெல்லாம் கடந்து, நேரத்துக்கு வந்துவிட்டாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம். நாற்பது நிமிடங்கள் கழித்துத்தான் அவளிடம் போனேன்.

பிள்ளை பிழைத்தது. அழுவதற்கு நேரம் எடுத்தது. நடக்கப் பிந்துகிறது என்று இப்போது அந்தத் தாய் கிளினிக்குக்குத் தூக்கி வருகிறாள். அந்த நாற்பது நிமிடந்தான் காரணமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. என்னைக் கண்டால் "டொக்டர் அம்மா" என்று கும்பிடுகிறாள். அதுதான் தாங்க முடியவில்லை.

அவுஸ்திரேலியா போனவர்மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. பிறகு யோசித்தேன். 2015இல், 2016இல், நான் இல்லாத நாற்பது நிமிடங்கள் இந்த நாட்டில் எத்தனை கூடங்களில் இருந்திருக்கும்? அந்தப் பிள்ளைகளை நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இது புதிய வருத்தமும் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கரான சாமுவேல் கிறீன், ஆங்கிலத்தில் படித்தவர்கள் சம்பளம் கூடிய இடம் தேடிப் போகிறார்கள் என்று கண்டு, தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். நூல்களையும் தமிழாக்கினார். நல்ல யோசனைதான். ஆனால் ஆளைக் கட்டிவைக்க மொழியாலும் முடியாது, பிணையாலும் முடியாது. கடந்த வருடம் மட்டும் வெளிநாடு போகும் இளம் மருத்துவர்களுக்கு நான்கு சிபாரிசுக் கடிதங்கள் எழுதினேன். நான்கும் நல்ல கடிதங்கள். நான் போன வழியை நானே அடைக்க எனக்கு மனம் வரவில்லை.

எனவே, திரும்பி வரலாமா என்று கேட்கும் உங்களுக்கு. ஊர் நினைவு வந்தது என்பதற்காக வராதீர்கள், நினைவிலிருக்கும் ஊர் இங்கே இல்லை. என்ன வேலை, எந்த இடம், பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று எழுத்தில் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள். ஒரு வருடச் செலவுக்குப் பணமும் வேண்டும். இங்கே படித்துப் போன மருத்துவர்கள் இலங்கை மருத்துவ சபைப் பதிவைக் கைவிடாமல் வைத்திருங்கள். பிறநாட்டில் மருத்துவம் படித்த பிள்ளைகள் ஈ.ஆர்.பி.எம். தேர்வு எழுத வேண்டியிருக்கும், அதைச் சொல்லியே கூட்டி வாருங்கள். இரட்டைப் பிரஜாவுரிமைக்கு வேளைக்கே விண்ணப்பியுங்கள். அதோடு பாராளுமன்றம் போக முடியாது, ஆனால் அந்த ஆசை இந்த மண்டபத்தில் அதிகம் பேருக்கு இருக்காது என்று நினைக்கிறேன்.

முழுதாக வர முடியாதவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தயவுசெய்து கருவிகள் அனுப்பாதீர்கள். அதற்குரிய குழாய் இங்கே கிடைக்காமல் உறை போட்டு மூடிய இரண்டு கருவிகள் எங்களிடம் இருக்கின்றன. ஆளாக வாருங்கள். வருடத்தில் மூன்று கிழமை, ஒவ்வொரு வருடமும், அதே இடத்துக்கு. அமைச்சின் அனுமதிக்கு நாளெடுக்கும், ஆறு மாதம் முன்பே தொடங்க வேண்டும். கணித ஆசிரியைகளுக்கும் பொறியியலாளர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

எங்கள் பிரிவின் விடுமுறைப் பட்டியலைக் கொண்டு வந்திருக்கிறேன். அடுத்த ஆவணியில் இரண்டு கிழமைக்கு ஆள் இல்லை. மயக்க மருந்துப் பிரிவில் வேலை செய்யும் தங்கைமார் மூன்று பேர் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள், காலையிலேயே எண்ணிவிட்டேன். மதியச் சாப்பாட்டின்போது வாசலுக்குப் பக்கத்து மேசையில் இருப்பேன். பேனாவும் என்னிடம் இருக்கிறது.