இருவர் படுக்கும் மெத்தைக்கு எது சரியான அளவு?

(தொலைக்காட்சி மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது’ என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அலுத்துக் களைத்து வந்தவருக்கு வெறுந்தரையும் பஞ்சு மெத்தைதான். ஒரு நாள், இரண்டு நாளுக்கு அந்தப் பழமொழி பொருந்தும். ஒரே மெத்தையில் கணவனும் மனைவியும் எட்டு, பத்து ஆண்டுகள் படுக்கும்போது பொருந்துமா?

ஒரு தம்பதியை எடுத்துக்கொள்ளலாம். சிங்கப்பூரில் வீவக நான்கறை வீடு. கணவரின் உயரம் 183 செ.மீ., அதாவது ஆறடி. மனைவி ஐந்தடி. இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். மனைவி காலை ஐந்து மணிக்கே எழுந்துவிட வேண்டும். சில மாதங்களாக அவர் நள்ளிரவில் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்திற்கு வந்து சோபாவில் படுக்கத் தொடங்கினார். மகள் அதைக் கவனித்துப் பாட்டியிடம் சொல்லிவிட்டாள். பாட்டி பதறிப்போய் மருமகளிடம் கேட்டார்: “என்னம்மா, உங்களுக்குள்ளே ஏதாவது மனஸ்தாபமா?”

மனஸ்தாபம் எதுவும் இல்லை. படுக்க இடம் போதவில்லை, அவ்வளவுதான். ஆனால் அதை அவர் கணவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. இத்தனை வருஷம் அனுசரித்தாகிவிட்டது, இதையும் அனுசரித்தால் போகிறது என்று இருந்துவிட்டார். விஷயம் மாமியார் வரை போன பிறகுதான் புதிய மெத்தை வாங்கும் பேச்சே எழுந்தது.

கடையில் விற்பனையாளர் உடனே, “கிங் வாங்கிக்கொள்ளுங்கள், தாராளமாக இருக்கும்” என்றார். கணவர் திரும்பி, “உனக்கு எப்படி?” என்று கேட்டார். “எனக்கு எதுவானாலும் சரிங்க” என்று பதில் வந்தது. பல வீடுகளில் மெத்தை வாங்கும் கதை இந்த இடத்திலேயே முடிந்துவிடும். இவர்கள் நல்ல வேளையாக முன்பணம் கட்டாமல், அறையை அளந்துவிட்டு வருவதாகச் சொல்லி வீடு திரும்பினார்கள்.

சிங்கப்பூர், மலேசியக் கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் அளவுகள் நான்கு. சிங்கிள் 91 செ.மீ. அகலம். சூப்பர் சிங்கிள் 107. குவீன் 152. கிங் 182 அல்லது 183. நான்கிற்கும் நீளம் பெரும்பாலும் ஒன்றுதான்: 190 செ.மீ., அதாவது 6 அடி 3 அங்குலம். மெத்தை பெரிதாகப் பெரிதாக அகலம் கூடுகிறது, நீளம் கூடுவதில்லை. வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

குவீன் மெத்தையில் ஆளுக்குக் கிடைப்பது 76 செ.மீ. சிங்கிள் மெத்தையில் தனியாகப் படுப்பவருக்குக் கிடைப்பதைவிட இது 15 செ.மீ. குறைவு. கிங் மெத்தையில் ஆளுக்கு 91. ஆகவே கிங் நல்லது என்றுதான் எவருக்கும் தோன்றும். அறை என்ன சொல்கிறது?

அவர்களுடைய படுக்கையறை 3 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். பக்கச் சுவரை ஒட்டிய அலமாரி 60 செ.மீ. எடுத்துக்கொள்கிறது. மிச்சம் 240. கட்டில் சட்டத்தோடு கிங் ஏறத்தாழ 190 செ.மீ. வரும். அதைப் போட்டால் இரு பக்கமும் சேர்த்தே 50 செ.மீ.தான் மிஞ்சும். கட்டிலைச் சுவரோடு தள்ளிவிட்டால் சுவர்ப் பக்கம் படுப்பவர் இரவில் குளியலறைக்குப் போக இன்னொருவரைத் தாண்ட வேண்டும். இன்றைக்கு அது சிரமம். வயதான பிறகு அதுவே விழுந்து எலும்பு முறியக் காரணமாகலாம்.

கிங் சரிப்படாது என்பதை அவர்கள் ஒரு எளிய வழியில் தெரிந்துகொண்டார்கள். பழைய நாளிதழ்களை ஒட்டி, கட்டிலின் அளவிற்குத் தரையில் விரித்து, அதை மிதிக்காமல் அறையில் நடந்து பார்த்தார்கள். அலமாரிக் கதவைத் திறந்தால் நிற்க இடமில்லை. காசு செலவில்லாத இந்தச் சோதனையை எவரும் செய்து பார்க்கலாம்.

அப்போதுதான் மனைவி முதன்முறையாக வாய் திறந்தார்: “நீங்க நேராகப் படுத்தால் எனக்கு இந்த இடமே போதுங்க. நடுராத்திரியில் குறுக்கே திரும்பிவிடுகிறீர்கள்.”

அவர் ஏன் குறுக்கே படுக்கிறார்? அளந்து பார்த்தபோது விடை கிடைத்தது. தலைமாட்டுப் பலகையை ஒட்டித் தலையணை இருக்கிறது. உச்சந்தலை மெத்தையின் மேல் விளிம்பிலிருந்து பத்து செ.மீ. கீழேதான் வரும். ஆறடி உயரத்தோடு அதையும் கூட்டினால் 193. மெத்தையோ 190. கால் வெளியே நீட்டுகிறது, அல்லது கால்மாட்டுப் பலகையில் இடிக்கிறது. தூக்கத்திலேயே அவர் மூலைக்கு மூலை திரும்பிவிடுகிறார். மூலைவாட்டில் படுப்பவரின் கால் பக்கத்தில் இருப்பவரின் பங்கில்தான் போய் நிற்கும். அகலம் போதவில்லை என்று இத்தனை நாள் நினைத்தார்கள். உண்மையில் குறைவாக இருந்தது நீளம்.

இருவரில் உயரமானவரின் அளவோடு சுமார் 15 செ.மீ. கூட்டினால் வருவதே மெத்தைக்குத் தேவையான நீளம். இவருக்கு அது 198. ஆகவே அவர்கள் அகலத்தைக் குவீன் அளவிலேயே வைத்துக்கொண்டு, 203 செ.மீ. நீளத்தில் மெத்தை செய்யச் சொன்னார்கள். பதின்மூன்று செ.மீ.தான் கூடுதல். கால்மாட்டில் நடக்க இன்னமும் தாராளமாக இடம் இருந்தது.

ஏன் 203? அமெரிக்காவில் குவீன் என்றாலே 152க்கு 203தான். பிரிட்டனில் கிங் எனப்படுவது 150க்கு 200. இந்தியாவில் 60க்கு 78 அங்குல மெத்தை சாதாரணமாகக் கிடைக்கிறது. அது 152க்கு 198. இங்கே அபூர்வமான அளவு இன்னொரு நாட்டில் அன்றாட அளவு. அப்படி ஓர் அளவைத் தேர்ந்துகொண்டால் பின்னால் விரிப்பு தேடி அலைய வேண்டியதில்லை. மனம்போன போக்கில் ஓர் அளவைச் சொல்லிச் செய்தால் விரிப்பையும் ஒவ்வொரு முறையும் தைக்கத்தான் கொடுக்க வேண்டும். பெயரை மட்டும் நம்பி வாங்கவும் கூடாது. ‘கிங்’ என்ற சொல் ஊருக்கு ஊர் ஓர் அளவு. உறையில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும்.

ஊருக்குப் போகும்போது கரூர் விரிப்பு வாங்கி வருபவர்கள் பலர். 25 செ.மீ. கனமுள்ள இந்த மெத்தைக்கு 90க்கு 100 அங்குல விரிப்பு போதாது. நீளவாட்டில் மெத்தையின் அடிவிளிம்பு வரைதான் வரும், உள்ளே செருக முடியாது. 108க்கு 108 அங்குல விரிப்பு என்றால் இரு முனையிலும் பத்து செ.மீ. மடித்துச் செருகலாம்.

வழக்கத்தில் இல்லாத அளவைத் தேர்ந்துகொள்பவர்கள் வேறு சிலவற்றையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். 190 செ.மீ. கட்டிலில் 203 செ.மீ. மெத்தை உட்காராது. கட்டிலின் உள்ளளவை அளந்து, தேவையானால் அதையும் சேர்த்தே செய்யச் சொல்ல வேண்டும். ரப்பர், நுரை மெத்தைகளை வேண்டிய அளவில் வெட்டுவது சுலபம். சுருள்வில் மெத்தையில் உள்ளிருக்கும் கம்பிக் கூட்டையே அந்த அளவில் அமைக்க வேண்டும். அதை மடிக்கவும் முடியாது. மின்தூக்கியின் உயரத்தையும் வீட்டு வாசல் திருப்பத்தையும் அளந்த பிறகே பணம் கட்டுவது நல்லது. சொல்லிச் செய்த மெத்தையைக் கடைக்காரர் பெரும்பாலும் திரும்ப எடுக்க மாட்டார். ஆகவே அளவு, உத்தரவாதம், கொண்டு வந்து தரும் நாள் மூன்றையும் ரசீதில் எழுதி வாங்க வேண்டும். பழைய மெத்தையை மின்தூக்கி வாசலில் சாய்த்துவிட்டுப் போகாமல், நகர மன்றத்திடம் முன்கூட்டியே சொல்லி எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்ய வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கடையில் இருவரும் சேர்ந்து படுத்துப் பார்க்க வேண்டும். நாலு பேர் பார்ப்பார்களே என்று கூச்சப்பட்டு, கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். பத்து நிமிடக் கூச்சத்திற்குப் பயந்து பத்து வருஷத் தூக்கத்தை இழக்க வேண்டுமா?

“எனக்கு எதுவானாலும் சரி” என்று சொல்பவரை இன்னொரு முறை கேட்பதும் அவசியம். விட்டுக்கொடுப்பது இல்லறத்திற்கு அழகு. ஆனால் தூக்கத்தை விட்டுக்கொடுத்துக்கொண்டே இருப்பவர் பகலில் அலுப்போடும் எரிச்சலோடும்தான் இருப்பார். அந்த எரிச்சலுக்குக் காரணம் தெரியாமல் குடும்பமே குழம்பும். அந்தத் தம்பதியின் வீட்டில் ஒரு பாட்டி பதறியது அதனால்தான்.

புதிய மெத்தை வந்த பிறகு மனைவி நள்ளிரவில் கூடத்திற்கு வருவதில்லை. அடுத்த முறை பாட்டி விசாரித்தபோது மகள் சொன்னாளாம்: “சோபா இப்போ காலியா இருக்கு பாட்டி. நீங்க வந்தா படுத்துக்கலாம்.”

மெத்தை வாங்கப் போகும் நேயர்கள் அறையை அளக்கட்டும், உயரத்தை அளக்கட்டும். அதற்கு முன்னால் பக்கத்தில் படுப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்.