அபேட்சகரிடம் கேட்க வேண்டியவை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு செயலாளர் என் இல்லம் தேடி வந்து, "நகராட்சித் தேர்தல் நடந்து முடிந்தது, அபேட்சகர்கள் சொன்னவற்றை நாம் மறந்துவிடலாகாது, உள்ளாட்சியையும் ஊரின் பொருள் வளர்ச்சியையும் பற்றிப் பேசுங்கள்" என்று கட்டளையிட்டார். நான் அரசியல்வாதி அல்லேன். பஜார் ரோட்டில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் நாற்பது ஆண்டுகள் கணக்கெழுதியவன். வரவையும் செலவையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்பதொன்றே எனக்குத் தெரிந்த வித்தை. அந்த வித்தையைத் துணைக்கொண்டு பேசத் துணிகிறேன். பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2025-ம் ஆண்டு டிசம்பர் 9-ம் நாள் கொச்சி மாநகராட்சியின் 76 வட்டங்களுக்கும் தேர்தல் நடைபெற்றது. அதற்கு முன்னிரு வாரங்களில் எங்கள் தெருவுக்கு அபேட்சகர்கள் மூவர் வந்தனர். அவர்களுடைய கட்சியையோ பெயரையோ இங்குச் சொல்லப் போவதில்லை. சொன்ன கருத்தை மட்டும் சொல்கிறேன்.

முதல்வர், "சாலை, சாக்கடை, விளக்கு, குப்பை இவையே நகராட்சியின் வேலை, தொழிலும் வாணிபமும் அரசாங்கத்தின் பாடு" என்றார். இரண்டாமவர், "இனி மட்டாஞ்சேரியின் வாழ்வு சுற்றுலாவில்தான் இருக்கிறது, படகுத்துறை வந்தாயிற்று, கலை விழா வருகிறது, பழைய கட்டடங்கள் விடுதிகளாகும்" என்றார். மூன்றாமவர், "மிளகு மணந்த பழைய மட்டாஞ்சேரியை மீட்டுத் தருவேன்" என்று முழங்கினார்.

எங்கள் தெருவில் ஓர் அம்மையார் இருக்கிறார். கிட்டங்கியில் சுக்குப் புடைத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர். அவர் மூவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "கிட்டங்கி விடுதியாகிவிட்டால் எனக்கு அங்கே வேலை உண்டா, ஐயா?" ஒருவர் சிரித்தார்; ஒருவர் கைகூப்பினார்; ஒருவர், "எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வோம், அம்மா" என்றார். விடை சொன்னவர் ஒருவருமில்லை. என் பேச்சு முழுவதும் அக்கேள்விக்கு விடை தேடும் முயற்சியே.

அன்பர்களே! நகராட்சி என்பது நமக்குப் புதிதன்று. பாரத நாட்டின் முதல் மாநகராட்சி 1688-ம் ஆண்டில் சென்னையில் தோன்றியது. இவ்வூரில் கோட்டைக் கொச்சி நகராட்சி 1866-ம் ஆண்டில் அமைந்தது. 1883-ம் ஆண்டில் முதல் தேர்தல் நடந்தது. அக்காலத்தில் கோட்டைக் கொச்சி ஆங்கிலேயர் கையில், சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததாக இருந்தது. அடுத்த தெருவாகிய மட்டாஞ்சேரியோ கொச்சி மகாராஜாவுக்கு உரியது. மகாராஜாவின் அரசு 1896-ம் ஆண்டில் மட்டாஞ்சேரியிலும் எறணாகுளத்திலும் நகர் மன்றங்களை ஏற்படுத்தியது. மூன்று நகராட்சிகளும், வில்லிங்டன் தீவும், சுற்றியிருந்த சில பஞ்சாயத்துகளும் ஒன்றுசேர்ந்து 1967-ம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கொச்சி மாநகராட்சி ஆயிற்று.

முதல் அபேட்சகரின் கருத்தை இனி எடுத்துக்கொள்வோம். பொருள் வளர்ச்சி நகராட்சியின் வேலையன்று என்று அவர் சொன்னது பழைய காலத்துக்குப் பொருந்தலாம், இன்று பொருந்தாது. 1992-ம் ஆண்டில் நிறைவேறி 1993-ம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்கும் திட்டம் தீட்டுவதை நகராட்சிக்கு உரிய பணியாக வகுத்திருக்கிறது. அதனுடன் சேர்ந்த பன்னிரண்டாம் அட்டவணையில் 18 துறைகள் உள. நகர் அமைப்பு, சாலை, குடிநீர், சுகாதாரம் ஆகியவற்றுடன் வறுமை ஒழிப்பும் அதில் இடம்பெறுகிறது. கேரள அரசு 1996-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ம் நாள் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது, மாநிலத் திட்டச் செலவில் நூற்றுக்கு 35 முதல் 40 பங்கு வரை உள்ளாட்சிகளுக்கென ஒதுக்கியது. பணமும் பொறுப்பும் தரப்பட்ட பின்னும், "அது என் வேலையன்று" என்பவர், பெட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டி எங்கே என்று கேட்பவரை ஒப்பார்.

மூன்றாமவர் பழைய வாணிபத்தை மீட்பதாகச் சொன்னார். இவர் பேச்சே நம் நெஞ்சைத் தொட்டது. ஆகவே இதைத்தான் மிகுந்த விழிப்போடு ஆராய வேண்டும். மட்டாஞ்சேரியின் வாணிபம் தண்ணீரால் வந்தது. காயல் வழியே வள்ளங்களில் மிளகும் சுக்கும் ஏலமும் கிட்டங்கிப் படிகளில் வந்திறங்கின. புறக்கடலில் நின்ற கப்பல்களுக்குத் தோணிகள் சரக்கைச் சுமந்து சென்றன. 1920-ம் ஆண்டில் வந்த இராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் துறைமுக வாயிலிலிருந்த மணல் திட்டை வெட்டி வழிகண்டார். 1928-ம் ஆண்டில் கப்பல் உள்ளே நுழைந்தது. தோண்டிய மண்ணால் வில்லிங்டன் தீவு எழுந்தது. நாளடைவில் சரக்கு தீவுக்குப் போயிற்று. 2011-ம் ஆண்டில் வல்லார்பாடத்தில் கொள்கலன் முனையம் திறந்தபின் அதுவும் இடம் மாறிற்று. நம் வீதியில் 1957-ம் ஆண்டில் அமைந்த மிளகு வாணிபச் சங்கத்தில் கூவி விலை பேசிய குரல்கள் ஓய்ந்து, வாணிபம் கணிப்பொறித் திரைக்குள் புகுந்தது.

அந்தப் பழைய காலம் முழுவதும் பொற்காலமும் அன்று. துறைமுகத் தொழிலாளர் கூட்டத்தின் நடுவே 'சாப்பா' என்ற வில்லைகளை வீசியெறிவர். பாய்ந்து பிடித்தவனுக்கு அன்று வேலை, பிடிக்காதவன் வீட்டில் அடுப்பெரியாது. அம்முறையை எதிர்த்துக் கிளர்ந்தவர்கள் மீது 1953-ம் ஆண்டு செப்டம்பர் 15-ம் நாள் மட்டாஞ்சேரியில் துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் மாண்டன. பழமையை மீட்போம் என்பவர், மணத்தை மட்டும் மீட்பாரா, வில்லையையும் மீட்பாரா என்று நாம் கேட்க வேண்டாமா?

மேலும், பெருந்துறைமுகம் மத்திய அரசின் ஆளுகையில் உள்ளது. நகராட்சி உறுப்பினர் எவராலும் கப்பலைத் திருப்பிக் கொணர இயலாது. தம் கைக்கு எட்டாததைத் தருவதாக ஒருவர் சொன்னால் அது வாக்குறுதியாகாது, வெறும் வாழ்த்தாகும்.

இரண்டாமவர் சொன்ன சுற்றுலாவை நான் இகழவில்லை. 1568-ம் ஆண்டில் எழுந்த யூதர் தொழுகைக் கூடமும், போர்த்துகீசியர் கட்டி டச்சுக்காரர் புதுப்பித்த அரண்மனையும் உலகத்தை இங்கே அழைக்கின்றன. 2012-ம் ஆண்டு முதல் நடைபெறும் கலை விழா, பூட்டிக் கிடந்த கிட்டங்கிகள் பலவற்றைத் திறக்கச் செய்தது. நீர்வழிப் படகின் மட்டாஞ்சேரித் துறை 2025-ம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது. இவை நல்ல வரவுகளே. ஆயினும் கணக்கன் என்ற முறையில் மறுபக்கத்தையும் பார்க்கிறேன். வாடகை ஏறினால் எந்தச் சிறு கடை மூடப்படும்? விடுதிக்கு வேண்டிய காய்கறியும் சலவையும் சமையலும் இவ்வூராரிடம் வாங்கப்படுமா, வெளியிலிருந்து வருமா? வருவோர் தொகையைச் சொன்ன அபேட்சகர், இங்கே தங்கும் பணத்தின் தொகையைச் சொல்லவில்லை.

அப்படியானால் உள்ளாட்சி செய்யக்கூடியதுதான் என்ன? நம்மவர் வாழ்விலேயே ஒரு சான்று இருக்கிறது. கோட்டைக் கொச்சி வெளியில் உள்ள சலவைத் துறையை நீங்கள் அறிவீர்கள். பல தலைமுறைக்கு முன் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய சலவைத் தொழிலாளர், குளங்குட்டைகளைத் தேடி அலைந்தவர்கள். அவர்களுக்குப் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் 1976-ம் ஆண்டில் துவைகல்லும் தொட்டியும் தனித்தனி அறையும் உலர்த்தும் வெளியும் அமைத்துக் கொடுத்தது. முறுக்கிய கயிற்றில் கவ்விகளின்றிச் செருகிய வெள்ளைத் துணிகள் இன்றும் அங்கே காற்றில் அசைகின்றன. பெரிய ஆலை ஒன்றும் அங்கு எழவில்லை. இருந்த தொழிலுக்குக் கல்லும் தண்ணீரும் இடமும் கிடைத்தன. அவ்வளவுதான், அத்தனை குடும்பங்கள் பிழைத்தன.

இன்னொன்று சொல்வேன். 2021-ம் ஆண்டில் நம் மாநகராட்சி, பத்து ரூபாய்க்கு மதியச் சோறு போடும் உணவகம் ஒன்றை எறணாகுளத்தில் திறந்து, அதை நடத்தும் பொறுப்பைக் குடும்பஸ்ரீ மகளிரிடம் ஒப்படைத்தது. உண்டவர் வயிறு நிறைந்தது. சமைத்த பெண்களுக்கு ஊதியம் கிடைத்தது.

எதிர்க்கணக்கும் உண்டு. 2023-ம் ஆண்டு மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைமேடு பற்றியெரிந்து நகரமே பல நாள் புகையில் மூச்சுத் திணறியதை நாம் மறக்கவில்லை. இங்கே கல்வத்திக் கால்வாயும், நம் ஊர்ப்பெயர் தாங்கிய இராமேசுவரம் கால்வாயும் பலகாலம் கழிவால் தவித்தன. கால்வாய் அடைத்தால் மழைநீர் கிட்டங்கிக்குள் புகும். புகுந்தால் மூட்டை நனையும். நனைந்தால் வணிகர் கிட்டங்கியை விட்டுப் போவார். போனால் சுக்குப் புடைப்பவர்க்கு வேலை இல்லை. சாக்கடையும் பொருளாதாரமும் வெவ்வேறு என்றெண்ணிய முதல் அபேட்சகர் இந்தக் கண்ணிகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழராகிய நாம் அபேட்சகரின் தகுதியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்தோம். முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறித்த உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. முப்பது குடும்புகளிலும் ஓலையெழுதிக் குடத்திலிட்டுத் தேர்ந்தனர். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என வேலையைப் பகுத்தனர். முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடத்தில் பெயரிடத் தகாதவர் என்று விதித்தனர். அன்று நிலமுடையவர்க்கும் ஆடவர்க்குமே அவ்வுரிமை இருந்தது, அது குறையே. கேரளத்தில் 2010-ம் ஆண்டுத் தேர்தல் முதல் உள்ளாட்சி இடங்களில் பாதி மகளிர்க்கு உரியது. அது நாம் கண்ட ஏற்றம். ஆயினும் கணக்குக் காட்டாதவன் மீண்டும் வரலாகாது என்ற விதி எக்காலத்துக்கும் பொருந்தும்.

பிறமொழி ஊரில் நமக்கென்ன உரிமை என்று சிலர் ஐயுறுகின்றனர். கோயம்புத்தூர் நகராட்சியில் 1917-ம் ஆண்டில் உறுப்பினராகத் தொடங்கிய ஆர். கே. சண்முகம் செட்டியார், 1935 முதல் 1941 வரை இக்கொச்சியின் திவானாக இருந்தார். 1947-ம் ஆண்டில் சுதந்திர நாட்டின் முதல் நிதியமைச்சரானார். எறணாகுளத்தின் காயலோரச் சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. உழைத்தவனை இவ்வூர் அயலான் என்று ஒதுக்கியதில்லை. ஒதுங்கி நின்றது நாம்தான்.

என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளமையில் இங்கு வந்தார். தேர்தல் வரும்போதெல்லாம், "நமக்கெதற்கடா இது? நாளைக்கு ஊருக்குப் போகிறவர்கள் நாம்" என்பார். அந்த நாளை ஐம்பத்தொரு ஆண்டுகள் வரவேயில்லை. வாடகை வீட்டில் வாழ்ந்தார். பிள்ளைகளாகிய நாங்கள் பிறந்ததோ தாய்மாமன் ஊரில். அவர் காலமானபோது இறப்பைப் பதிய நகராட்சி அலுவலகம் சென்றேன். எழுத்தர் பெயரைக் கேட்டு எழுதினார். இவ்வூரின் ஏட்டில் என் தந்தையார் பெயர் ஏறியது அந்த ஒரு முறைதான். அன்று திரும்பும் வழியில் எனக்கு வந்த நாணம் இன்னும் தீரவில்லை.

ஆகவே நம் சங்கத்துக்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கிறேன். வாக்காளர் பட்டியலில் பெயரில்லாத உறுப்பினர் ஒருவரும் இராதபடி பார்ப்போம். வட்டக் குழுவில் குடியிருப்போர் சங்கங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடமுண்டு. அங்கே நம்மவர் சென்றமர்வோம். மலையாளத்தில் அச்சிட்ட நகராட்சி வரவுசெலவை வாசிக்கும் அளவுக்கு அம்மொழியைக் கற்போம். மூன்றாவதாக, வென்றவர் எக்கட்சியினராயினும் ஆண்டுக்கொருமுறை இச்சங்கத்துக்கு அழைத்து, மாலையிட்டு, மூன்று கேள்விகள் கேட்போம்: கால்வாய்க்கு ஒதுக்கிய தொகையில் செலவானது எவ்வளவு? விடுதியாக மாறும் ஒவ்வொரு கிட்டங்கியிலும் இவ்வூரார் எத்தனை பேருக்கு வேலை? இருக்கும் சிறு தொழிலுக்கு இவ்வாண்டு கல்லும் தண்ணீரும் இடமும் தந்தீர்களா?

அந்த அம்மையாரின் கேள்விக்கு நான் முழு விடை கண்டேன் என்று சொல்லேன். கிட்டங்கி விடுதியாகும்போது அனுமதி தருவது நகராட்சி. அனுமதி தரும் கைக்கு அவர் பெயரை நினைவூட்டுவது நம் கடமை. அடுத்த தேர்தலில் அவர் மறுபடியும் வாசலில் நிற்பார். அப்போது அவரருகே நாமும் நிற்போமாக.