படத்தில் தங்கும் தூசி

ஒரு காட்சியைப் படம் பிடிப்பவர் அக்காட்சியை மட்டுமே பிடிப்பதாக எண்ணுகின்றார். கமராவோ அவருடைய எண்ணத்தை அறியாது. தன்னுள் புகும் ஒளியையும் அவ்வொளியின் வழியிலே நிற்கும் தடையையும் அது ஒருங்கே பதிந்து விடுகின்றது. நீல வானத்தை வீடியோவாக எடுத்தவர் அதனைப் பெரிய திரையில் இட்டு நோக்கும்பொழுது, ஒரு மூலையிலே சாம்பல் நிறப் புள்ளியொன்று தோன்றுகின்றது. முகில் நகர்கின்றது, பறவை பறந்து மறைகின்றது, கமராவும் திரும்புகின்றது. புள்ளி மட்டும் நின்ற இடத்தை விட்டு அசைவதில்லை. இப்புள்ளி யாது, எங்கிருந்து வந்தது, அதனைப் போக்கும் வழி யாது என்பனவே இப்பேச்சின் பொருளாகும்.

தூசியின் தொல்லை பழைய பிலிமுக்கும் இருந்தது. ஆனால் பிலிமிலே ஒவ்வொரு படத்துக்கும் புதிய துண்டு ஒன்று வந்து நிற்கும். ஆதலின் ஒரு துண்டில் ஒட்டிய தூசி திரையிலே கணப்பொழுது மின்னி மறைந்துவிடும். இன்றைய கமராவின் நிலை வேறு. 1969ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த வில்லார்ட் பொயில், ஜோர்ஜ் சிமித் என்னும் இருவரும் ஒளியை மின்னாக மாற்றிப் பதியும் சில்லு ஒன்றுக்கு வழி கண்டனர். அதன் பொருட்டு 2009இல் நொபெல் பரிசிலும் அவர்கள் பங்கு பெற்றனர். இத்தகைய ஒளியுணரியில் எல்லாப் படங்களும் ஒரே பரப்பின் மீதே விழுகின்றன. செக்கனுக்கு 25 படம் வீதம் எடுத்தால் நிமிடத்துக்கு 1500 படங்கள். அங்கே ஒரு துணிக்கை ஒட்டினால், அந்த 1500 படங்களிலும் அதன் நிழல் ஒரே இடத்தில் விழும்.

2008ஆம் ஆண்டில் நிக்கோன் டி 90, கனோன் 5டி மார்க் 2 ஆகிய கமராக்கள் வெளிவந்தபின், வில்லையைக் கழற்றி மாற்றத்தக்க ஒளிப்படக் கமராவிலேயே வீடியோ எடுக்கும் வழக்கம் பரவிற்று. வில்லையைக் கழற்றும் ஒவ்வொரு வேளையும் தூசிக்கு வாயில் திறந்து விடப்படுகின்றது.

இத்தூசி உண்மையில் ஒளியுணரியின் மீது படிவதில்லை. அதற்கு முன்னே பொருத்தப்பட்டுள்ள மெல்லிய கண்ணாடித் தகட்டின் மீதே படிகின்றது. அங்கிருந்து அது பின்னால் உள்ள பரப்பில் நிழல் வீழ்த்துகின்றது. அகன்ற விளக்கின் முன் பிடித்த விரலின் நிழல் மங்கலாகவும், சிறு சுடரின் முன் பிடித்த விரலின் நிழல் கூர்மையாகவும் விழுவதை யாவரும் கண்டிருப்பர். கமராவிலும் அவ்வாறே. வில்லையின் துவாரத்தை எஃப் 2.8 என அகலத் திறந்தால் நிழல் கரைந்து காணாமற் போகும். எஃப் 16 எனச் சுருக்கினால் புள்ளி தெளிவாக வெளிப்படும். வெயிலில் துவாரத்தைச் சுருக்கி எடுத்த படங்களில் தூசி மிகுந்து தோன்றுவதற்கு இதுவே காரணம்.

வருமுன் காப்பதே சிறந்தது. யப்பானின் ஒலிம்பஸ் கம்பனி 2003இல் வெளியிட்ட ஈ 1 என்னும் கமராவிலே, அக்கண்ணாடித் தகட்டை மிக விரைவாக அதிரச் செய்து தூசியை உதிர்க்கும் பொறி அமைந்திருந்தது. பின்னர் வந்த பல கமராக்களிலும் அத்தகைய பொறி இடம்பெற்றது. அதற்கும் உதிராத துணிக்கையை, கமராவை வாய் கீழ்நோக்கப் பிடித்து, இறப்பர்க் குமிழால் காற்றூதி அகற்றலாம். வாயால் ஊதுதல் ஆகாது. உமிழ்நீர் தெறித்துத் தூசியினும் பெருங்கறையை உண்டாக்கும். புள்ளி உள்ள இடத்தை அறிய, வெண்சுவர் ஒன்றைத் துவாரம் சுருக்கிப் படம் பிடித்தல் போதும். விம்பம் ஒளியுணரியில் தலைகீழாக விழுவதால், படத்தின் மேற்புறத்தில் தோன்றும் புள்ளிக்குரிய தூசி தகட்டின் கீழ்ப்புறத்தில் இருக்கும் என்பதை மறத்தலாகாது.

எடுத்து முடித்த படத்தில் புள்ளி இருப்பின் கணினியின் துணை வேண்டும். அதே படத்தில் புள்ளிக்கு அருகே உள்ள இடத்தைப் பிரதி செய்து, ஓரங்களை மென்மையாக்கி, புள்ளியின் மேல் ஒட்டுவது எளிய முறை. அசையாத ஒரு படத்திலிருந்து ஒட்டுத்துண்டை எடுத்து எல்லாப் படங்களிலும் வைத்தால், சுற்றிலும் நுண்மணிகள் துடிக்க, ஒட்டிய இடம் மட்டும் உறைந்து நின்று காட்டிக் கொடுத்துவிடும். மரக்கிளையோ மனித முகமோ புள்ளியைக் கடக்கும் வேளையில் இம்முறை பயன்படாது. அப்பொழுது, புள்ளி மறைத்த பகுதி முன்படத்திலோ பின்படத்திலோ வேறிடத்தில் வெளிப்பட்டிருப்பின், அங்கிருந்து அதனை எடுத்து நிரப்பலாம்.

வேலையின் ஒழுங்கும் முக்கியமானது. கை நடுக்கத்தைப் போக்கிப் படத்தை நிலைப்படுத்தும் வேலையை முதலில் செய்தால், காட்சி நிலைபெறும். ஆனால் அதுவரை அசையாதிருந்த புள்ளி அலையத் தொடங்கும். எனவே புள்ளியை நீக்கிய பின்னரே நிலைப்படுத்தல் வேண்டும். மேலும், பழைய பிலிமின் அழுக்கை நீக்குவதற்கென அமைந்த தானியங்கி முறைகள் மின்னி மறையும் மாசையே தேடுகின்றன. இடம் மாறாத புள்ளியை அவை காட்சியின் பகுதியென்றே விட்டுவிடும்.

வானியலார் கையாளும் முறை இன்னொன்று. அவர்கள் ஒரே சீரான ஒளியுள்ள வெற்றுப் பரப்பைத் தனியே படம் பிடித்து, எந்த இடத்தில் ஒளி எந்த அளவு குறைகின்றது என அறிந்து, அவ்விகிதத்தால் உண்மைப் படத்தை வகுத்து விடுவர். இங்கே ஒட்டுப்போடுதல் இல்லை. தூசி தடுத்த அளவு ஒளி மீட்டுத் தரப்படுகின்றது. இரு படங்களும் ஒரே துவார அளவில், தூசி இடம் பெயராத நிலையில் எடுக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

இத்தகைய கண்டிப்பு எதற்கு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2016ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் புதன் கிரகம் சூரிய வட்டத்தின் குறுக்கே கடந்து சென்றது. அப்பொழுது அதன் விட்டம் சூரிய விட்டத்தில் ஏறத்தாழ 160இல் ஒரு பங்காகவே தோன்றிற்று. பொருத்தமான வடியிட்டு எடுத்த படத்தில் அது ஒரு சிறு கரும்புள்ளி, சூரியனின் களங்கங்களும் புள்ளிகளே, தூசியும் புள்ளியே. கண்ணுக்கு இடையூறென்று யாவற்றையும் துடைப்பவர் ஒரு கிரகத்தையே துடைத்துவிடக் கூடும். கமராவைச் சிறிது அசைத்து எடுத்தால் ஐயம் தீரும். சூரியனைச் சார்ந்த புள்ளிகள் சூரியனோடு திரையிலே பெயரும். தூசி தன் இடத்திலேயே நிற்கும்.

திருமணம் ஒன்றின் படமாயினும், முதியவர் ஒருவரின் இறுதி மொழிகளைப் பதிந்த படமாயினும், திருத்துபவருக்கு இதே பொறுப்பு உண்டு. புள்ளி எதனைச் சார்ந்தது என முதலில் சோதித்தறிதல் வேண்டும். மூலப் பதிவை மாற்றாது காத்து, பிரதியிலேயே திருத்தம் செய்தல் வேண்டும். அவ்வாறு செய்தால், பிழைபட நீக்கிய ஒன்றை மறுபடி மீட்பதற்கு வழி என்றும் இருக்கும்.