சேற்றில் கால் புதைந்தால்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



சேமிப்பு, கடன் பற்றி எல்லோரும் பேசிட்டாங்க. நான் நம்ம காலைப் பற்றிப் பேசுகிறேன். பிச்சாவரம் பக்கம் கழியில் இறங்கி, கையால் இறால் தடவிப் பிழைக்கிறவர்கள் நாம். சேற்றுக்குப் பயந்தால் அடுப்பு எரியாது.

புதைசேறு ஆளையே முழுங்கிடும் என்பார்கள். அது உண்மையில்லை. சேறும் மணலும் நம் உடம்பைவிடக் கனம். அதனால் இடுப்பளவு போனதும் உடம்பு மிதக்கப் பார்க்கும். 2005இல் ஆம்ஸ்டர்டாமில் விஞ்ஞானிகள் புதைமணலைச் சோதித்து இதைச் சொன்னார்கள். இன்னொன்றும் சொன்னார்கள்: புதைந்த காலை விநாடிக்கு 1 சென்டிமீட்டர் வேகத்தில் இழுக்கவே ஒரு காரைத் தூக்குகிற பலம் வேண்டும். அப்படியானால் ஆபத்து எது? ஏறி வருகிற தண்ணீர்தான். கால் மாட்டியிருக்கும்போது தண்ணீர் ஏறினால் உயிருக்கே மோசம்.

மாட்டினால் முதலில் பறியை விடுங்கள். அன்றைய கூலி அதில்தான் இருக்கு, எனக்கும் தெரியும். ஆனால் இறால் நாளைக்கும் கிடைக்கும். உடனே சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள். உதறாதீர்கள், உதற உதறக் கால் இன்னும் இறங்கும். கையை விரித்து, பாயில் படுக்கிற மாதிரி மெதுவாக மல்லாந்து சாயுங்கள். ஒரு காலை மட்டும் சின்னச் சின்னதாக அசையுங்கள். காலைச் சுற்றித் தண்ணீர் இறங்கும், பிடி தளரும். அந்தக் கால் மேலே வந்ததும் அடுத்த கால். பிறகு எழுந்து நிற்காமல், படுத்தபடியே வந்த பக்கம் நகருங்கள். நேரம் ஆகும், அவசரப்படக் கூடாது.

கரையில் நிற்பவர்கள் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள் மூட்டு நழுவும், நீங்களும் மாட்டுவீர்கள். பலகையோ ஏணியோ போடுங்கள். கயிற்றை அக்குளுக்குக் கீழே சுற்றச் சொல்லிப் பிடித்துக்கொள்ளுங்கள். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108.

கடைசியாக ஒரு வேண்டுகோள். யாரும் தனியாக இறங்கக் கூடாது, தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துத்தான் போகணும், ஒவ்வொரு துறையிலும் ஒரு பலகையும் கயிறும் இருக்கணும் என்று நம்ம குழுக்கள் தீர்மானம் எழுதணும். பலகை, கயிறு வாங்கக் குழுப் பணமே போதும்.