விளையாட்டில் பிறந்ததும் வேலிக்குள் அடைபட்டதும்

இணையத்தின் கட்டுப்பாடு பற்றிப் பேசினால் இரண்டு கருத்துகளை அடிக்கடி கேட்கிறோம். “யார் கையில் இருந்தால் என்ன, வேலை நடந்தால் போதும்” என்பது ஒன்று. “அந்நியக் கம்பெனிக்குப் பதிலாக நம் நாட்டுக் கம்பெனி வந்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்பது மற்றொன்று. இரண்டையும் பரிசீலிப்போம்.

முதலில் வரலாறு. 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் தாம் எழுதிய விண்வெளிப் பயண விளையாட்டைப் பழைய கணினி ஒன்றில் இயக்க முனைந்தார். அம்முயற்சியின் தொடர்ச்சியாகவே யூனிக்ஸ் பிறந்தது. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் பொழுதுபோக்காகத் தொடங்கிய லினக்ஸ், உலகெங்குமுள்ள தொண்டர்களின் கூட்டுழைப்பால் வளர்ந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தினர், குடுவையில் காப்பி மீதமிருக்கிறதா என்பதை இருந்த இடத்திலிருந்தே பார்ப்பதற்காகக் கேமரா ஒன்றைப் பொருத்தினர்; 1993இல் அது உலகின் முதல் இணையக் கேமராவாயிற்று. அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்று, ஐரோப்பிய அரசுகளின் நிதியில் இயங்கும் செர்ன் ஆய்வகம், வையவிரிவலைத் தொழில்நுட்பத்தைக் கட்டணமின்றி உலகிற்கு வழங்கியது. விளையாட்டுணர்வும் கூட்டுழைப்பும் பொதுநிதியும் உருவாக்கிய செல்வம் இது. இதைச் சுற்றி வேலி போட்டது பின்னர் வந்த மூலதனம்.

யார் கையில் இருக்கிறது என்பது ஏன் முக்கியம்? இணைய முகவரி அமைப்பின் மீதான மேற்பார்வையை அமெரிக்க வணிகத்துறை 2016 வரை தன்னிடமே வைத்திருந்தது. 2019இல் ஹுவாவெய் நிறுவனத்தைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. 2022 அக்டோபரில் சீனாவுக்கு உயர்திறன் சில்லுகள் செல்வதைத் தடுத்தது. தடையற்ற வர்த்தகத்தைப் போதிப்பவர்களே போட்டியாளர் வளரும்போது கதவை அடைக்கிறார்கள். நமக்கும் இது புதிதல்ல. 1980களில் நாம் கேட்ட உயர்திறன் மீக்கணினியை அமெரிக்கா தர மறுத்தது. 1988இல் அரசு சி-டாக் அமைப்பை நிறுவியது. 1991இல் பரம் 8000 உருவாயிற்று. அதைச் சாதித்தது பொதுத்துறை.

இனி இரண்டாவது கருத்து. உள்நாட்டு ஏகபோகமும் ஏகபோகமே. உள்நாட்டு அதிகாரமும் குரலை நெரிக்கக் கூடியதே. 2019 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீரில் தகவல் தொடர்பு துண்டிக்கப்பட்டது. காலவரையற்ற இணைய முடக்கத்தை அனுமதிக்க முடியாது என்று 2020 ஜனவரியில் உச்சநீதிமன்றம் கூறியது. ஆயினும் 4ஜி சேவை முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில்தான். மாணவர்களும் வியாபாரிகளும் மருத்துவர்களும் பதினெட்டு மாதங்கள் அவதியுற்றனர். அந்தச் சுவிட்சை அணைத்தது அந்நியக் கம்பெனி அல்ல.

எதிர்த்து வெல்ல முடியாதா? முடியும். ஃபேஸ்புக் நிறுவனம் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என்ற பெயரில், தான் தேர்ந்தெடுத்த தளங்களை மட்டும் ஏழைகளுக்கு இலவசமாகத் தர முன்வந்தபோது, லட்சக்கணக்கானோர் இணையச் சமவாய்ப்புக்காகக் குரல் எழுப்பினர். 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் அத்தகைய பாரபட்சக் கட்டணங்களைத் தடை செய்தது. கேரளம் 2023இல் கே-ஃபோன் என்னும் பொதுத்துறை வலையமைப்பைத் தொடங்கி, ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்ற இலக்கை முன்வைத்தது.

எனவே தோழர்களே, அந்நிய முதலாளியா, உள்நாட்டு முதலாளியா என்பதல்ல நம் கேள்வி. பலர் கூடி உருவாக்கியது பலருக்கும் உரியதாக இருக்குமா என்பதே கேள்வி. பொதுத்துறை வலையமைப்பு, கட்டற்ற மென்பொருள், தன்னிச்சையான இணைய முடக்கத்திற்கு முடிவு - இம்மூன்று கோரிக்கைகளையும் தொழிற்சங்கக் கூட்டங்களிலும் மாணவர், இளைஞர் அரங்குகளிலும் ஊதியக் கோரிக்கைகளோடு சேர்த்தே எழுப்புவோம்.