வாழ்க்கைப் பயிற்றுநரும் அவரை நாடிவருவோரும்

(நம் சங்கத்து இளைஞர் கிளைக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேசுமாறு பணிக்கப்பட்ட பொருள், தமிழ்ப் புலவன் ஒருவன் பேசுதற்குரியதன்று என உங்களுட் சிலர் எண்ணக்கூடும். காரியதரிசி அவர்கள் இதனை என்னிடம் கூறியபோது யானும் அவ்வாறே எண்ணினேன். ‘லைஃப் கோச்’ என்று ஒரு புதுத்தொழில் நம் ஊர்களிலும் தலைகாட்டியிருக்கிறது. நம்மவருள் இளைஞர் சிலர் அதிற் புகுந்துளர். கைப்பொருள் செலவிட்டுப் பயின்றுளர். பயின்றபின் தம்மை நாடிவருவார் ஒருவருமின்றி வாடுகின்றனர். நாடிவருவோரை அவர் எங்ஙனம் பெறுதல் கூடும் என்பதே இன்றைய வினா. இவ்வினா சென்ற மாதச் செயற்குழுவிற் சற்றுச் சூடாகவே எழுந்தது. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

முதற்கண் சொல்லைப் பார்ப்போம். என்போன்றார்க்கு அது விடமுடியாத பழக்கம். ஹங்கேரி நாட்டில் கோச் என்பது ஒரு சிற்றூர். அவ்வூரிற் செய்யப்பெற்ற வண்டிகள் பெயர்பெற்றமையின், வண்டிக்கே ஊர்ப்பெயர் ஆயிற்று. நம் முன்னோர் ‘கோச்சு வண்டி’ என்று வழங்கியதும் அதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கல்லூரி மாணாக்கர், தம்மைத் தேர்வென்னும் ஊருக்குக் கொண்டு சேர்க்கும் தனியாசிரியரை வேடிக்கையாக அப்பெயரால் அழைத்தனர். வேடிக்கை நிலைத்துவிட்டது. பின்னர் விளையாட்டுப் பயிற்றுநர்க்கும் அப்பெயர் சென்றது. அமெரிக்க நாட்டிலே, மக்களுக்குப் பணத்தைத் திட்டமிட்டுக் கொடுக்கும் தொழில் செய்துவந்த தாமஸ் லியோனார்டு என்பார், 1992-ஆம் ஆண்டில் இதற்கென ஒரு பயிற்சி நிலையம் கண்டார். 1995-இல் பன்னாட்டுப் பயிற்றுநர் கூட்டமைப்பு ஒன்றும் தோன்றிற்று. ஐ.சி.எஃப். என்று சுருக்கமாக வழங்குவது அதுவே.

வண்டிக்காரனுக்கு ஓர் இலக்கணம் உண்டு. எவ்வூர்க்குப் போகவேண்டும் என்பதைச் சொல்லுபவன் ஏறியிருப்பவனே. இத்தொழிலும் அத்தகையதே. பயிற்றுநர் அறிவுரை கூறுவாரல்லர், சோதிடம் கூறுவாரல்லர், வினாக்களை முறையாக எழுப்பி, வந்தவர் தம் விடையைத் தாமே காணுமாறு உடனிருப்பவர். அதற்கு ஊதியம் பெறுகிறார். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஒருவர் பேசி முடிக்கும்வரை வாய்மூடியிருத்தல் எத்துணை அரிது என்பது, இருபது ஆண்டுகளுக்குமேல் வகுப்பறையிற் பேசிக்கொண்டே இருந்த எனக்குத் தெரியும்.

இனி, செய்திக்கு வருவேன். என் பழைய மாணாக்கர் ஒருவர் சென்னையிற் கணினி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அதனை விடுத்து ஊருக்குத் திரும்பி இத்தொழிலைத் தொடங்கினார். ஐ.சி.எஃப். முதனிலைச் சான்றிதழ் பெறுவதற்கு 60 மணி நேரப் பயிற்சி மட்டும் போதாது. 100 மணி நேரம் மக்களோடு அமர்ந்து பழகிய பட்டறிவும் காட்டவேண்டும். அதிலும் 75 மணி நேரம் ஊதியம் பெற்றுச் செய்ததாக இருத்தல் வேண்டும். ஆகவே, சான்றிதழ் இருந்தால்தான் ஆள் வருவர். ஆள் வந்தால்தான் சான்றிதழ் வரும். இவ்விரண்டிற்கும் இடையே அவர் அகப்பட்டுக்கொண்டார்.

அவர் சும்மா இருக்கவில்லை. இணையத்தளம் அமைத்தார். முகநூலில் விளம்பரம் செய்தார். ‘உங்கள் வாழ்வை மாற்றுகிறேன், உங்களுள் உறங்கும் ஆற்றலை எழுப்புகிறேன்’ என்று நாள்தோறும் வாட்ஸப்பில் அனுப்பினார். எனக்கும் வந்தது, காலை வணக்கப் படங்களுக்கு நடுவே அதுவும் ஒன்றாகக் கிடந்தது. அரையாண்டில் வந்தவர் இருவர். அவருள் ஒருவர் காப்பீட்டுப் பாலிசி விற்க வந்தவர்.

ஏன் வரவில்லை? வாழ்வு மாறவேண்டும் என்று எண்ணிக்கொண்டு தெருவிற் செல்வார் எவருமிலர். மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டான், அவனோ தந்தையோடு பேசுவதில்லை. அடுத்த ஆண்டு ஓய்வு, அதன்பின் பகற்பொழுதை என் செய்வது. பிள்ளைப்பேற்றுக்காக வேலையை விட்டுப் பத்தாண்டு ஆயிற்று, மீண்டும் எவர் முகத்தில் விழிப்பது. இவ்வாறுதான் மனிதர் எண்ணுகின்றனர். துன்பம் எப்போதும் ஒரு பெயரோடும் ஒரு தேதியோடும் வருகிறது. ‘ஆற்றலை எழுப்புதல்’ என்னும் சொல் எவர் துன்பத்தின் பெயரும் அன்று. அன்றியும், நம் நாட்டில் லைஃப் கோச் என்று பலகை மாட்டுதற்கு அரசாங்க உரிமம் எதுவும் வேண்டுவதில்லை. நாளைக்கு யானே மாட்டலாம். அது மக்களுக்குத் தெரியும், ஆதலின் ஐயுறுகின்றனர். அவர் ஐயுறுவது முறையே.

இங்கு என் குற்றம் ஒன்றை இச்சபையில் வெளியிடுதல் என் கடமையாகிறது. சென்ற ஆண்டு எனக்குப் பதவி உயர்வு வந்தது. வேற்று மாவட்டத்துப் பள்ளி. வீட்டில் அன்னையார் எழுந்து நடமாட இயலாத நிலையில் இருந்தார்கள். ஏற்பதா, மறுப்பதா என்று பத்து நாள் உறக்கமின்றிக் கிடந்தேன். அம்மாணாக்கர் தற்செயலாக வீட்டிற்கு வந்தார். என் முகத்தைப் பார்த்து, “ஐயா, ஒரு மணி நேரம் என்னோடு பேசுங்கள், கட்டணம் வேண்டா, எனக்குப் பழக்கமாகட்டும்” என்றார். இசைந்தேன். அவர் இதனைச் செய்க என்றோ செய்யற்க என்றோ ஒரு சொல்லும் கூறவில்லை. இடையில் ஒரு வினா எழுப்பினார்: “ஐயா, பாட்டியிடம் கேட்டீர்களா?”

யான் கேட்கவில்லை. அன்னையின் பொருட்டு மறுக்கவேண்டும் என்று பத்து நாள் வருந்தியவன், அன்னையிடம் ஒரு சொல் கேட்கவில்லை. அன்றிரவு கேட்டேன். “போய்ச் சேருடா; சனிக்கிழமைதோறும் வந்து முகத்தைக் காட்டு, போதும்” என்றார்கள். சென்றேன். இன்றும் சனிக்கிழமைதோறும் பேருந்தில் வந்துகொண்டிருக்கிறேன்.

இதில் என் குற்றம் யாது? இதனை எட்டு மாதம் எவரிடமும் யான் கூறவில்லை. ஆசிரியன் தன் மாணாக்கனிடம் சென்று வழி கண்டான் என்றால் ஊர் நகைக்குமே என்னும் நாணம். அவரோ, எதிர்த்தெருவில், ஆள் வாராமல் அமர்ந்திருந்தார்.

பத்துப்பாட்டைப் பாடமாக நடத்தும் எனக்கு இது பெரும் பிழை. அப்பத்தினுள் ஐந்து ஆற்றுப்படை. ஆற்றுப்படையாவது யாது? வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வழியில் எதிர்ப்பட்ட வறிய கலைஞனுக்கு, தான் பெற்றதைக் கூறி, அவனும் சென்று பெறுமாறு வழிகாட்டுவது. சிறுபாணாற்றுப்படையிலே எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என ஊர்களை வரிசையாகச் சொல்லி, ஆங்காங்கு என்ன உணவு கிடைக்கும் என்பதுவரை கூறப்படுகிறது. போகிறவனுக்குத் தெரியவேண்டியது அதுவேயன்றோ? வள்ளல் தன் புகழைத் தானே கூவி அழைப்பதாக அங்கே காணோம். பெற்றவன் பேசுகிறான், பெறாதவன் கேட்கிறான். நாடிவருவோரைப் பெறும் வழி இதுவே என்பது என் துணிபு.

ஆயினும், பழைய வள்ளல்களுக்கு இல்லாத இடர் ஒன்று இத்தொழிலுக்கு உண்டு. பாணன் தான் பெற்ற பொன்னைக் காட்ட நாணவில்லை. இங்கோ பெற்றவன் நாணுகிறான். வந்தவர் மறையைப் பயிற்றுநர் வெளியிடலாகாது என்பது அத்தொழிலின் அறவிதி. அதனை மீறி, இன்னார்க்கு இன்னது செய்தேன் என்று பறையறைந்தால் அடுத்தவர் எவரும் படியேறார். ஆகவே, அவர் பேசலாகாது, வந்தவர் பேசமாட்டார். பின் செய்தி எவ்வாறு பரவும்?

இதனை அம்மாணாக்கரும் யானும் திண்ணையில் அமர்ந்து பல மாலை ஆராய்ந்தோம். கண்ட வழி ஒன்று: வெளியிற் சொல்ல நாணம் தராத ஒரு துறையை முதலில் எடுத்துக்கொள்வது. கணவன் மனைவியரிடையே பிணக்கு என்று சென்றவர் சொல்லமாட்டார். ஓய்வு பெறுமுன் ஆண்டைத் திட்டமிடச் சென்றேன் என்பதைத் தேநீர்க் கடையிலும் சொல்லலாம். அவர் அதனையே எடுத்துக்கொண்டார். பலகையிலிருந்து ‘வாழ்வை மாற்றுதல்’ நீங்கிற்று. ‘ஓய்வுக்கு முன் ஓராண்டு’ என்று எழுதப்பட்டது. முதற்சந்திப்பு அரைமணி, கட்டணமின்றி. அதன் முடிவில், எத்தனை அமர்வு, எவ்வளவு கட்டணம், எது மறைவாக இருக்கும், நடுவில் நிறுத்த விரும்பினால் என்ன முறை என்பன எல்லாம் ஒரு தாளில். அன்றே பணம் கட்டுக என்னும் நெருக்குதல் இல்லை. வீட்டிற்குச் சென்று எண்ணி வருமாறு கூறுவார். எண்ணச் சென்றவருட் சிலர் திரும்புவதில்லை. திரும்பியவர் நிலைத்தனர்.

அமர்வுகள் முடிந்தபின் ஒரு சொல் கேட்பார்: “இதே நிலையில் உங்களுக்குத் தெரிந்தவர் எவரேனும் உளரா? இருப்பின் என் பெயரை அவர்க்குக் கூறுவீர்களா?” எப்போது கேட்பது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. மனம் உருகி இருக்கும் வேளையிற் கேட்பது கொள்ளை. காரியம் கைகூடிச் சில வாரம் கழிந்தபின் கேட்கவேண்டும். மக்கள் நெருக்கடியில் முதலிற் சந்திக்கும் பிறர் உளர்: கணக்குத் தணிக்கையாளர், தலைமையாசிரியர், குடும்ப மருத்துவர். அவர்களிடம் நேரிற் சென்று, தாம் செய்வது இன்னது, செய்யாதது இன்னது என்று கூறி வந்தார். அனுப்பியதற்குக் கமிஷன் கொடுக்கலாமோ என்று ஒருவர் வினவினார். ஆள் அனுப்புவதிற் பணம் கைமாறினால் அதனை வந்தவர்க்கு வெளிப்படக் கூறுதல் வேண்டும் என்பது அத்தொழிலின் விதி. வந்தவரிடம் கூற வாய் கூசும் கொடுக்கல் வாங்கல் நமக்கு வேண்டா என்று இவர் விட்டுவிட்டார்.

செய்யாதது இன்னது என்றேன். அதனை விரித்துச் சொல்லாமல் விடலாகாது. உறக்கமின்மை, உணவு வெறுத்தல், உயிரை விட்டுவிடலாமோ என்னும் எண்ணம், இவற்றோடு வருபவர் பயிற்றுநர்க்குரியவரல்லர். மனநல மருத்துவர்க்கு உரியவர். முதலில் வந்த சிலருள் ஒருவர் அத்தகையவராக இருந்தார். இவர்க்கோ அம்மாதம் வாடகை கொடுக்கவே பணம் இல்லை. ஆறு அமர்வுக்குப் பணம் தர அவர் ஆயத்தமாக இருந்தார். இவர் பணம் வாங்கவில்லை. அவருடைய அண்ணனை அழைத்துப் பேசி, மருத்துவமனைக்கு உடன் சென்று வந்தார். அரசாங்கம் 2022-இல் தொடங்கிய டெலிமானஸ் என்னும் தொலைபேசி உதவியின் எண் 14416. இளைஞர்காள், இத்தொழிலுக்கு வருவீராயின் அவ்வெண்ணை மேசைமேல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, செயற்குழுவில் எழுந்த வழக்கு. ஆள் வாராத காலத்தில், நம் சங்கத்து உறுப்பினர் பதிவேட்டைத் தரவேண்டும், அதிலுள்ள தொலைபேசி எண்களுக்குத் தம் அறிக்கையை அனுப்பவேண்டும் என்று அவர் விண்ணப்பித்திருந்தார். நம் பிள்ளை பிழைக்கட்டுமே, கொடுத்தால் என்ன என்றனர் சிலர். அவர்தம் அன்பை யான் மதிக்கிறேன். ஆயினும் கொடுக்கலாகாது என்று யான் வாதித்தேன். அவர்க்கு ஆசிரியன் யான் என்பது தெரிந்தோர் வியந்தனர். உறுப்பினர் தம் எண்ணைத் தந்தது திருமணச் செய்திக்கும், கல்வி உதவிக்கும், இறப்புச் செய்திக்கும். எவரோ தம்மிடம் தொழில் செய்வதற்கன்று. 2023-ஆம் ஆண்டின் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கருத்தும், ஒன்றன்பொருட்டு இசைந்து தந்த செய்தியைப் பிறிதொன்றிற்கு எடுத்தலாகாது என்பதே. சட்டம் கிடக்கட்டும். உறவைக் காட்டி வரும் அழைப்பை மறுக்க மாட்டாமல் ஒருவர் வந்தால், அவர் மனம் திறந்து பேசுவாரா? இன்னொன்றும் உண்டு. தம் குடும்பத்து மறையைத் தம் சுற்றத்தாருள் ஒருவனிடம் சொல்ல அஞ்சுவார் பலர். அவர்கள் வேற்றார் ஒருவரை நாடுதலே நன்று. சங்கத்தார் அனைவரும் தம்மிடமே வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது அவர்க்கும் நமக்கும் நலமன்று. விண்ணப்பத்தை அவரே மீட்டுக்கொண்டார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை; நான்காம் நாள் திண்ணைக்கு வந்தார்.

இப்போது வாரத்திற்கு ஐந்தாறு பேர் வருகின்றனர். பழைய சம்பளத்திற்கு அது எட்டாது, வாடகைக்கு எட்டுகிறது. நூறு மணியில் இன்னும் பாதி கிடக்கிறது. அவருடைய இல்லத்தரசியார் பள்ளி வேலையை விடாமல் வைத்திருப்பதே இதுவரை அக்குடும்பத்தைத் தாங்கியது என்பதையும் உங்களுக்கு மறைக்கமாட்டேன். வேலையை ஒரே நாளில் விட்டுவிட்டு இதிற் குதிக்க எண்ணுவார் அவ்வம்மையாரிடம் ஒருமுறை பேசிப் பார்ப்பது நன்று.

அவர் பெயரை மேடையிற் கூறினால் இச்சொற்பொழிவு விளம்பரமாகிவிடும். ஆகையால் கூறேன். அறிய விரும்புவோர் நாளை ஞாயிறு மாலை என் வீட்டிற்கு வரலாம். அன்னையாரும் இருப்பார்கள். யான் பெற்றதை முழுவதும் கூறுவேன். திங்கட்கிழமை விடியலில் எனக்குப் பேருந்து.